ஃபர்ம்வேர் மாற்றப்போய் அடையாளம் தொலைத்த நேவிகேட்டரை மீட்பது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பசாருக்குப் பின்னால் இருக்கும் என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் கைப்பேசிகள்தாம். கண்ணாடி உடைந்தது, சார்ஜ் ஏறாதது, மழையில் நனைந்தது. ஆனாலும் இது லோரிக்காரர்கள் நிறைந்த தோட்டப்புற ஊர். லாசா பக்கம் உள்ளே போனால் பல இடங்களில் லைன் கிடைக்காது. லைன் இல்லாத இடத்தில் கைப்பேசி மேப் பாதியில் சாம்பல் நிறமாகிவிடும். அதனால் பழைய ஜிபிஎஸ் நேவிகேட்டரைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இங்கே உண்டு.

அப்படி ஒரு லோரி அண்ணன் ஒருநாள் காலையில் பழைய கார்மின் நூவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, அக்கா மகன் புது சாஃப்ட்வேர் போடுறேன்னு ஏதோ பண்ணிட்டான். இப்ப மேப்பைத் திறக்க முடியலன்னு சொல்லுது. லைட்டு எரியுது, வழி மட்டும் காட்ட மாட்டேங்குது."

அமைப்புகளுக்குள் போய், சாதனத்தைப் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். யூனிட் ஐடி, அதாவது கருவியின் உள் அடையாள எண், இருக்க வேண்டிய இடத்தில் 4294967295 என்று இருந்தது.

இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 32 பிட்டும் ஒன்றாக இருந்தால் வரும் எண் இது. ஃபிளாஷ் நினைவகத்தை அழித்தால் அதிலுள்ள எல்லாப் பிட்டும் ஒன்றாகிவிடும், பூஜ்ஜியம் ஆவதில்லை. அதாவது இந்தச் சாதனத்துக்கு யாரும் தவறான எண்ணைக் கொடுத்துவிடவில்லை. எண் எழுதியிருந்த பலகையைத் துடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மீட்பு வேலையில் பாதி, இந்த வித்தியாசத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது.

எதற்காக நோண்டுகிறார்கள்

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, ஒரே வன்பொருளில் இரண்டு மூன்று மாடல் வருவதுண்டு. விலை கூடியதில் இருக்கும் வசதி குறைந்ததில் சாஃப்ட்வேரால் மட்டுமே அடைக்கப்பட்டிருக்கும். அண்ணன் மாடலின் ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் உள் சாஃப்ட்வேரை) தம்பி மாடலில் ஏற்றினால் வசதி திறந்துகொள்ளும் என்று ஆசை. சில நேரம் அது பலிக்கவும் செய்யும்.

இன்னொன்று, தேதிக் கோளாறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை 10 பிட்டில் எண்ணி அனுப்பின. 0 முதல் 1023 வரை எண்ணி முடித்தால் மறுபடி பூஜ்ஜியம். 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரல் 6இல் மறுமுறையும் அப்படித் திரும்பியது. இரண்டாவது முறை நம் நேரப்படி 7ஆம் தேதி காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு. அதற்குத் தயாராக இல்லாத பழைய கருவிகள் சில 1999க்கே போய்விட்டன. தேதி தவறினால் போய்ச்சேரும் நேரமும் பயணப் பதிவும் குழம்பும். புது ஃபர்ம்வேர் தேடிப் போனவர்கள் கையில் கிடைத்ததை ஏற்றினார்கள். நம் அண்ணனின் அக்கா மகனும் அந்த வழியில் போனவன்தான்.

மூன்று அடையாளம், மூன்றும் வேறு

இதைக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

தொடர் எண் என்பது பின்பக்க ஒட்டியில் அச்சிட்டிருப்பது. அது காகிதத்தில் இருக்கிறது. எந்த ஃபர்ம்வேரும் அதை அழிக்க முடியாது. விற்பனை, உத்தரவாதம் எல்லாம் இதை வைத்துத்தான்.

யூனிட் ஐடி என்பது சாதனத்துக்குள் மின்னணு வடிவில் இருக்கும் எண். பூட்டுப் போட்ட மேப்பின் திறவுகோல் இந்த எண்ணோடு கட்டப்பட்டது. திறவுகோல் 25 எழுத்துக் குறியீடாக இருக்கலாம், அல்லது மேப்போடு வரும் ஜிஎம்ஏ, யுஎன்எல் வகைக் கோப்பாக இருக்கலாம். எண் மாறினால் சாவி பொருந்தாது.

வன்பொருள் எண் மாடலைக் குறிப்பது. ஒரே மாடலின் எல்லாக் கருவிக்கும் இது ஒன்றே. ஃபர்ம்வேர் கோப்பு தனக்கு உரிய கருவியில்தான் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு இது. வேறு மாடல் ஃபர்ம்வேரை ஏற்றுகிறவர்கள் கோப்புக்குள் இந்த எண்ணைத் திருத்தித்தான் கருவியை ஏமாற்றுகிறார்கள்.

அண்ணன் கொண்டுவந்த கருவியில் இரண்டாவது அழிந்திருந்தது, மூன்றாவது மாறியிருந்தது. முதலாவது ஒட்டியில் பத்திரமாக இருந்தது.

படி 1: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கோளாறு தெரிந்ததும் எல்லாரும் செய்வது இன்னொரு ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்ப்பது. செய்யாதீர்கள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் ரீசெட்டையும் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் உள்ளே மிச்சமிருக்கும் பழைய தடயம் ஒன்று அழியலாம். பேட்டரியை முழுவதும் ஏற்றுங்கள், எஸ்டி கார்டைக் கழற்றி வையுங்கள், வேறொன்றும் வேண்டாம். பாதி எழுதும்போது மின்சாரம் நின்றால் இருக்கிற உயிரும் போய்விடும். பழைய பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

படி 2: எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

கருவியைக் கணினியில் யுஎஸ்பி வழியாகச் சொருகினால் சாதாரண டிரைவாகத் தெரியும். அதில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் கார்மின்டிவைஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். மாடலின் பெயர், பாகம் எண், சாஃப்ட்வேர் பதிப்பு, ஐடி எல்லாம் அதில் உண்டு. இந்தக் கோப்பை எழுதுவது கருவியேதான். ஆகவே இதில் நீங்கள் கையால் ஐடியைத் திருத்தினால் ஒன்றும் ஆகாது. முகத்தில் பவுடர் பூசியது போலத்தான். அடுத்த முறை இயங்கும்போது கருவி தனக்குத் தெரிந்ததை மறுபடி எழுதிவிடும். இதைத் திருத்தித் தருவதற்கே ஒரு கடையில் நாற்பது வெள்ளி (ரிங்கிட்) வாங்கியதாக அண்ணன் சொன்னார். கடை எதுவென்று நான் கேட்கவில்லை.

ஐடி இடத்தில் 4294967295 இருந்தால் அழிக்கப்பட்டிருக்கிறது. 0 இருந்தால் பெரும்பாலும் ஃபர்ம்வேரால் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, அல்லது சரிபார்ப்புத் தொகை (தரவு கெடவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே வைத்திருக்கும் கணக்கு) பொருந்தாமல் மறுத்துவிட்டது. எண் உள்ளே இன்னும் உயிரோடு இருக்கவும் கூடும். பார்க்க ஒழுங்கான, ஆனால் உங்களுடையது அல்லாத எண் இருந்தால் யாரோ வேறொரு கருவியின் முழு நகலை இதில் ஊற்றியிருக்கிறார்கள். எண் சரியாக இருந்து மேப் மட்டும் திறக்கவில்லையென்றால் கோளாறு ஐடியில் இல்லை. சாவிக் கோப்பு காணாமல் போயிருக்கும், அதைத் திரும்பப் போட்டால் முடிந்தது.

திரையே வரவில்லையா? பல நூவி மாடல்களில் திரையின் இடது மேல் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே யுஎஸ்பியைச் சொருகினால் ப்ரீபூட் நிலைக்குப் போகும். அங்கே முதன்மை ஃபர்ம்வேர் ஓடாது, கருவியைத் துவக்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் மட்டும் விழித்திருக்கும். கணினி புதுச் சாதனம் ஒன்றைக் கண்டுகொண்டால் மீட்க வழி இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சிப்பை நேரடியாகப் படிப்பதுதான் மிச்சம்.

இடையில் ஒரு கேள்வி: ஐடி உண்மையிலேயே வேண்டுமா?

வேண்டாத வேலைக்கு ஆள் வைக்காதீர்கள் என்பதற்காகக் கேட்கிறேன். பூட்டுப்போட்ட தொழிற்சாலை மேப்புக்குத்தான் ஐடி தேவை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மினுக்காகச் செய்த இலவச மேப்புகள் எந்த ஐடியோடும் கட்டப்படவில்லை. நம் நாட்டில் தன்னார்வலர்களே சேர்ந்து உருவாக்கிய மால்சிங்மேப்ஸ், மால்ஃப்ரீமேப்ஸ் இரண்டையும் பழைய பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதைகளைப் பொறுத்தவரை காசு கொடுத்து வாங்கிய மேப்பைவிட அந்த ஊர்க்காரர்கள் போட்ட மேப்பு எனக்குப் பல தடவை உதவியிருக்கிறது. கருவி ஓடுகிறது, மேப் மட்டும் வேண்டும் என்றால் இலவச மேப்பை எஸ்டி கார்டில் போட்டுக்கொண்டு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "காசு கொடுத்து வாங்கினது தம்பி. அது எனக்கு வேணும்." நியாயம்தான். அப்புறம் வேலையில் இறங்கினேன்.

படி 3: எண்ணைக் கருவிக்கு வெளியே தேடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கருவிக்குள் எண் ஓர் இடத்தில் இருந்திருக்கும். வெளியே பல இடங்களில் சிந்தியிருக்கும்.

முதலில் கணினி. கார்மின் ஃபோல்டரை எப்போதாவது முழுதாக நகல் எடுத்து வைத்திருந்தால் அதற்குள் அந்த நாளைய எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். கணினி முழுக்க அந்தக் கோப்பின் பெயரைத் தேடுங்கள். கார்மின் எக்ஸ்பிரஸ் போட்டிருந்தால், அது கணினியில் சாதனம் வாரியாகச் சேர்த்துவைக்கும் தகவலிலும் கிடைக்கலாம். இணையக் கணக்கில் கருவியைப் பதிவு செய்திருந்தால் அங்கேயும் பாருங்கள். மேப் வாங்கியபோது வந்த மின்னஞ்சல், திறவுகோல் அனுப்பிய கடிதம், இவற்றில் ஐடி எழுதியிருப்பது வழக்கம்.

அடுத்தது கருவியின் சொந்த டிரைவ். எக்ஸ்எம்எல் கோப்பு மறுபடி மறுபடி எழுதப்படுவதால் அழிந்த பழைய பிரதிகளின் எச்சம் அந்த டிரைவில் கிடக்கலாம். டிரைவை முழுப் பிம்பமாக (ஒரு பிட்கூட விடாமல் ஒரே கோப்பாக) நகல் எடுத்து, அந்தப் பிம்பத்தில் ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். கருவியிலேயே ஓட்டாதீர்கள். கிடைக்கும் எக்ஸ்எம்எல் துண்டுகளில் ஐடி என்ற குறியைத் தேடுங்கள்.

நடைபயணத்துக்கான கைக்கருவியோ சைக்கிள் கருவியோ என்றால் இன்னொரு வழி உண்டு. அவை எழுதும் ஃபிட் வகைப் பதிவுக் கோப்புகளின் தொடக்கத்தில் தொடர் எண் என்ற பெயரில் இருப்பது உண்மையில் யூனிட் ஐடிதான். பழைய ஓட்டப் பதிவு ஒன்று போதும்.

அண்ணனிடம் பெட்டி இல்லை, ரசீது இல்லை. அக்கா மகனின் மடிக்கணினி ஃபார்மட் ஆகிவிட்டது. இனி வழியில்லை என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அவர் வீட்டுக்கு ஃபோன் அடித்தார். அக்காள் மிலோ டின்னுக்குள் பட்டன், ஊசி, நூலோடு போட்டு வைத்திருந்த ஒரு பழைய எஸ்டி கார்டு அன்று சாயங்காலம் வந்தது. எப்போதோ மேப் போட்டுக் கொடுத்த யாரோ ஒரு புண்ணியவான், கருவியின் ஃபோல்டரை அப்படியே அதில் நகல் எடுத்து வைத்திருந்தார். எக்ஸ்எம்எல் உள்ளே இருந்தது. ஐடியும் இருந்தது.

கிடைத்த எண்ணை ஒரு சான்றோடு நம்பாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு கருவி இருந்திருக்கலாம். எக்ஸ்எம்எல்லில் உள்ள மாடல் பெயர் உங்கள் கருவியோடு ஒத்துப்போகிறதா, அந்தத் திறவுகோல் கோப்பு எந்த எண்ணுக்கானது என்று ஒப்பிடுங்கள்.

படி 4: எண்ணைக் கருவியின் மொழிக்கு மாற்றுங்கள்

நமக்குத் தெரிவது பத்தடிமான எண். உள்ளே இருப்பது நான்கு பைட். கற்பனை எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 2436326432. கணினியின் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றி இதைப் பதினாறடிமானத்தில் பார்த்தால் 91 37 64 20 என்று வரும். ஆனால் இவ்வகைச் சில்லுகள் பெரும்பாலும் கடைசி பைட்டை முதலில் எழுதும். ஆக, நினைவகத்தில் அது 20 64 37 91 என்று கிடக்கும். அழிந்த இடமோ எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் என்று இருக்கும்.

இரண்டு வரிசையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தத் திருப்பலை மறந்து நேராக எழுதிவிட்டு, ஏன் வேறு எண் காட்டுகிறது என்று ஒரு முழு இரவு தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

படி 5: உடைந்ததையும் நகல் எடுங்கள்

கெட்டுப்போன நிலையில் உள்ளதையே முழுதாகப் படித்துச் சேமிக்க வேண்டும். இரண்டு முறை படியுங்கள். இரண்டு கோப்புக்கும் ஷா256 தொகை (கோப்பின் கைரேகை போன்ற எண்) பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் வயரோ கிளிப்போ சரியில்லை. எழுதும் வேலையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

ப்ரீபூட் வழியாகப் படிக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் சிப். எட்டுக் கால் கொண்ட 25 வரிசை எஸ்பிஐ சிப்பானால் ஒரு கிளிப்பும் சிஎச்341ஏ வகை மலிவு புரோகிராமரும் (சிப்பைப் படித்து எழுதும் பலகை) போதும், ஃபிளாஷ்ரோம் நிரலில் படித்துவிடலாம். ஆனால் சிப்பின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. சில மலிவுப் பலகைகளில் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் ஏறும். சிப்பைச் சுட்டுவிட்டால் ஐடி மட்டுமா, எல்லாமே போச்சு.

நேண்ட் (அதிகக் கொள்ளளவுள்ள இன்னொரு வகை ஃபிளாஷ்) வகைச் சிப் என்றால் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 2048 பைட் கொண்ட ஒரு பக்கத்தோடு இன்னொரு 64 பைட் ஒட்டியிருக்கும், பிழைதிருத்தக் கணக்குக்காக. அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தரவை மாற்றி அந்தக் கணக்கை மாற்றாமல் எழுதினால், கருவி உங்கள் திருத்தத்தைப் பிழை என்று எண்ணும். அதுவே 'திருத்தி' விடவும் கூடும், படிக்கவே மறுக்கவும் கூடும். பழக்கமில்லாதவர் நேண்டில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நகல் கிடைத்ததும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து 20 64 37 91 என்ற வரிசையைத் தேடுங்கள் (உங்கள் எண்ணுக்கு உரியதை). ஃபிளாஷ் தேய்மானத்தைக் குறைக்க, சில கருவிகள் அமைப்புகளை மாற்றும்போது பழைய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் எழுதும். பழைய பிரதி ஒன்று எங்காவது மிச்சம் இருந்தால், எண் எந்த அமைப்புக்குள் இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன என்பதெல்லாம் தெரிந்துவிடும். அது அதிர்ஷ்டம்.

படி 6: முதலில் ஃபர்ம்வேர், அப்புறம் எண்

வரிசையை மாற்றாதீர்கள். வேறு மாடலின் ஃபர்ம்வேர் நினைவகத்தை வேறு விதமாகப் பங்கு போட்டிருக்கலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணைச் சரியான இடத்தில் எழுதினாலும் அது வேறு இடத்தில் தேடும். ஏன், நீங்கள் எழுதியதை அதுவே அழிக்கவும் செய்யலாம்.

உங்கள் மாடலுக்கே உரிய, திருத்தப்படாத ஃபர்ம்வேரைத் தேடுங்கள். ஆர்ஜிஎன் கோப்பு என்றால் ப்ரீபூட் நிலையில் அப்டேட்டர் நிரல் வழியாக ஏறும். ஜிசிடி கோப்பு என்றால் கருவியின் கார்மின் ஃபோல்டரில் ஜிஅப்டேட் என்ற பெயரில் போட்டுக் கழற்றினால் கருவியே ஏற்றிக்கொள்ளும். இடையில் கேபிளை அசைக்க வேண்டாம். ஏறி முடிந்ததும் எக்ஸ்எம்எல்லைப் பாருங்கள். மாடல் பெயரும் பாகம் எண்ணும் ஒட்டியோடு பொருந்த வேண்டும். பலருக்கு இத்துடன் வேலை முடிந்துவிடும். எண் அழியாமல், பொருந்தாத ஃபர்ம்வேரால் படிக்க முடியாமல் இருந்திருந்தால் இப்போது தானாகத் தெரியும்.

நம் கருவியில் மாடல் பெயர் திரும்பியது. எண் இன்னும் 4294967295.

படி 7: எண்ணை அதன் இடத்தில் எழுதுவது

இந்தப் படிக்கு முன் ஃபிளாஷின் ஒரு குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதுவது என்பது ஒன்றைப் பூஜ்ஜியமாக்குவது மட்டுமே. பூஜ்ஜியத்தை ஒன்றாக்க அழித்தே ஆக வேண்டும். அழிப்பது பைட் பைட்டாக நடக்காது, ஒரு தொகுதி முழுவதும் போகும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிக்க முடியாது, அடித்தால் மொத்த லயத்துக்கும் என்பது போல. ஆகவே நான்கு பைட் மாற்ற வேண்டுமென்றாலும் அந்தத் தொகுதி முழுவதையும் வெளியே எடுத்து, திருத்தி, அழித்து, முழுதாகத் திரும்ப எழுத வேண்டும். அக்கா மகனின் நிரல் இந்த அழிப்பைத்தான் செய்தது. திரும்ப எழுதுவதைச் செய்யவில்லை.

பழைய நகல் உங்களிடம் இருந்தால் அழிந்த அந்தப் பகுதியை மட்டும் திருப்பி எழுதுங்கள். முழுச் சிப்பையும் பழைய நகலால் மூடாதீர்கள். இப்போதுதான் சரிசெய்த ஃபர்ம்வேரோடு அது மோதலாம்.

பழைய நகல் இல்லையென்றால் அதே மாடல், அதே ஃபர்ம்வேர் பதிப்பு உள்ள இன்னொரு கருவி வேண்டும். சொந்தக்காரரின் சம்மதத்தோடு அதைப் படித்து, அதன் ஐடி எந்த முகவரியில் இருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் நகலில் அதே முகவரி காலியாக இருந்தால் இடம் அதுதான். முகவரி மாடலுக்கு மாடல் மாறும். எங்கோ கண்ட முகவரியை நம்பி எழுதாதீர்கள். இரண்டு கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டையும் ஒப்பிட்டு, ஐடியோடு சேர்ந்து மாறும் வேறு பைட்டுகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் சரிபார்ப்புத் தொகை. பைட்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் வரும் எளிய தொகையாக இருக்கலாம், சிஆர்சி என்ற சற்றுச் சிக்கலான கணக்காகவும் இருக்கலாம். இரண்டு கருவியின் தொகையையும் உங்கள் கணக்கில் சரியாக வரவழைக்க முடிந்தால் மட்டும் மூன்றாவதற்கு எழுதுங்கள். வரவில்லையா, அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொரு கருவியின் பகுதியை அப்படியே நகலடித்து ஐடியை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். சோம்பேறித்தனமான வழி, எனக்கும் தோன்றியது. ஆனால் தொடுதிரையின் அளவீடு, ஒலிப்பெருக்கி நிலை போன்றவையும் அந்தப் பகுதியில் இருக்கும். அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவது போல, வலப்பக்கம் தொட்டால் நடுவில் அழுத்தும்.

அண்ணனின் கருவிக்கு, பாரிட் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவரிடம் அதே மாடல் இருந்தது. முகவரி கிடைத்தது. நான்கு பைட்டும் ஒரு தொகை பைட்டும் எழுதினேன். எழுதியதை மறுபடி படித்து ஒப்பிட்டேன். பிறகுதான் மூடியைப் போட்டேன்.

எது வரை போகலாம்

புதிய கருவிகளில் அடையாளம் கையொப்பத்தோடு பூட்டப்பட்டிருக்கும், அல்லது ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய இடத்தில் இருக்கும். அங்கே இந்த வேலையெல்லாம் நடக்காது. ஒட்டியிலுள்ள தொடர் எண்ணையும் ரசீதையும் வைத்து நிறுவனத்தின் உதவிப் பிரிவிடம் பேசுவதே வழி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். "வேற ஒரு நம்பர் இருக்கு பாஸ், அதைப் போட்டா அவன் மேப்பு எனக்கும் ஓடுமே?" ஓடும். ஆனால் அது மீட்பு இல்லை, திருட்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையும் தடுக்கிறது. ஒட்டியும் எண்ணும் ஒத்துப்போகாத கருவியை நான் தொடுவதில்லை. களவு போன பொருளாகவும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்.

படி 8: சோதனை, அதுவும் வெட்டவெளியில்

சாதனத்தைப் பற்றிய பக்கத்தில் எண் சரியா என்று பாருங்கள். எக்ஸ்எம்எல் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இயக்குங்கள். கருவி தானே எழுதும் புதிய கோப்பிலும் அதே எண் வர வேண்டும். முழுவதும் அணைத்து, இரவு முழுக்க விட்டு, காலையில் மறுபடி பாருங்கள். சில நேரம் எழுதியது ரேமில் மட்டும் நின்று காலையில் காணாமல் போகும். அதன்பின் திறவுகோல் கோப்பைப் போட்டு மேப்பைத் திறங்கள்.

தொடுதிரை தடுமாறினால் அளவீடு செய்யுங்கள். மொழி, நேரவலயம், வீட்டு முகவரி எல்லாம் போயிருக்கும், திரும்பக் கொடுங்கள்.

இப்போது பலரும் பயந்துபோகும் இடம். எண் வந்துவிட்டது, மேப் வந்துவிட்டது, சிக்னல் மட்டும் கிடைக்கவில்லை. கருவி கெட்டுவிடவில்லை. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற பட்டியலும் அழிந்த பகுதியோடு போயிருக்கும். கோள்கள் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் பேசுகின்றன. ஒரு கோள் தன் சொந்தப் பாதையை 30 நொடிக்கு ஒருமுறை சொல்லும்; எல்லாக் கோள்களின் பட்டியலையும் சொல்லி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். இடையில் மறைந்தால் விட்ட இடத்துக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். 

அண்ணன் கருவியை வாங்கிய கையோடு தோட்டத்துக்குள் ஓட்டிப்போய், செம்பனை மட்டைகளுக்கு அடியில் லோரியை நிறுத்தி, இருபது நிமிடம் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் அடித்தார். "தம்பி, கோள் ஒண்ணுகூட வரல." முந்தின இரவு மழை வேறு. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் அந்த மெல்லிய அலையை ஈர இலை நன்றாகவே குடித்துவிடும். பெரிய சாலையோரம், மேலே வானம் தெரியும் இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து பார்க்கச் சொன்னேன். அரை மணியில் மறுபடி அடித்தார். ஏழு கோள் வந்திருந்தது, வழியும் காட்டியது, ஆனால் குரல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டதாம். மலாய்க் குரலைப் போட்டுக்கொள்ளும் இடத்தை ஃபோனிலேயே சொன்னேன்.

படி 9: எழுதி வையுங்கள்

இருபது வினாடி வேலை. யூனிட் ஐடி, தொடர் எண், ஃபர்ம்வேர் பதிப்பு மூன்றையும் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கார்மின் ஃபோல்டரை, மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்து, நகல் எடுங்கள். அடுத்த முறை ஃபர்ம்வேரைத் தொடும் முன் அந்த நினைவகப் பகுதியையும் படித்து வையுங்கள்.

மின்னஞ்சல் எல்லாம் தனக்கு வராது என்றார் அண்ணன். நான் தாளில் எழுதிக் கொடுத்ததை டயர் மாற்றும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். எஸ்டி கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி அந்த மிலோ டின்னிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னார்.